என்னைக் காலி பண்ணச் சொல்லி நானே அடித்த நோட்டீஸ்

பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள் என்று செய்தி வந்த மறுநாள், திண்டிவனம் கோர்ட் எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த என்னிடம் இளம் வக்கீல்கள் மூன்று பேர் வந்து துக்கம் விசாரித்தார்கள். ஒருவர் என் தோளில் கைவைத்து, "எப்படிண்ணே ஆச்சு?" என்றார். இன்னொருவர், பதிவுத் தபாலோடு போய்க் கையெழுத்தோடு திரும்பி வரும் ஒப்புகை அட்டையை நினைத்து, "கடைசியா எப்பண்ணே பாத்தீங்க ஏ.டி. கார்டை?" என்றார். நானும் விடாமல், "நல்லாத்தாம்பா இருந்துது, திடீர்னு போயிடுச்சு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அவர்களோடு வந்த பெண் வக்கீல் மட்டும் காரியமாகக் கேட்டார். "வீட்டைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் விடணும்ணா. கட்சிக்காரர் அவசரப்படறாரு. வாயால சொல்லிட்டேன், அது போதாதான்றாரு."

வாயால் சொன்னால் போதுமா என்ற அந்தக் கேள்வியைக் கேட்டதும் நான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். காரணத்தைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு டீ மூன்று டீ ஆகிவிட்டது. இதை எழுதிக் கொடுங்கள், குமாஸ்தா சங்க மலரில் போடலாம் என்றார்கள். எழுதுகிறேன். இதில் வரும் கோமாளி நான்தான் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்.

என் பெயர் ஜெயபால். இருபத்தேழு வயதில் வக்கீல் ஏகாம்பரம் சாரிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். ஐம்பத்தாறு வயதில், சார் "எனக்குப் போதும்யா" என்று கோட்டை மாட்டிவைத்த அன்று, நானும் எனக்குப் போதும் என்று பேனாவை மூடிவிட்டேன். நடுவில் கற்றுக்கொண்டதை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். முதல் வருடம் கோர்ட்டில் எந்தக் கதவு வழியாகப் போனால் யார் திட்டுவார்கள் என்று தெரிந்தது. இரண்டாம் வருடம் திட்டினாலும் போகலாம் என்று தெரிந்தது.

எங்கள் ஆபீசின் முக்கியமான சரக்கு காலி பண்ணச் சொல்லும் நோட்டீஸ். விக்கிரவாண்டியிலிருந்தெல்லாம் வீட்டுக்காரர்கள் வருவார்கள். எல்லோரும் ஒரே வசனத்தோடுதான் வருவார்கள்: "பலதடவ சொல்லிட்டேங்க, கேக்க மாட்றான்." சார் அமைதியாகக் கேட்பார். "எழுத்துல சொன்னீங்களா?" அவர்கள் விழிப்பார்கள். பிறகு சார் குரலை உயர்த்தாமல் பாடம் நடத்துவார். எழுத்தில் இருக்கணும். கொடுப்பவரோ அவருக்காக வேறொருவரோ கையெழுத்துப் போட்டிருக்கணும். தபாலில் போகணும், இல்லை கையில் கொடுக்கணும். ஆள் இல்லையென்றால் வீட்டில் குடும்பத்தார் கையில். எதுவும் நடக்கவில்லை என்றால் அந்த வீட்டிலேயே கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டணும். மாத வாடகை வீட்டுக்குப் பதினைந்து நாள்.

அந்தப் பதினைந்து நாளைச் சார் எண்ணும் விதத்தை நான் வேறு எந்த ஆபீசிலும் பார்த்ததில்லை. மேசை மேல் எப்போதும் ஒரு தட்டில் வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, இருக்கும். தோலை உரித்துப் பருப்பை ஒவ்வொன்றாக வரிசையில் வைப்பார். முதல் பருப்பை எடுத்து, "நோட்டீஸ் கையில கெடைக்கிற நாள். இது கணக்கு இல்ல" என்று வாயில் போட்டுக்கொள்வார். மீதியில் பதினைந்து எண்ணுவார். அதற்குப் பிறகும் அந்த மாதக் கடைசி வரைக்கும் பருப்பு வைத்துக்கொண்டே போவார். பழைய பத்தியம். கூட நாலு நாள் கொடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்பார்.

முதல் வருடமே நான் ஒரு நோட்டீஸைக் கையெழுத்தில்லாமல் அனுப்பினேன். ஆபீஸ் காப்பியில் சார் கையெழுத்து இருந்தது, கவருக்குள் போனதில் இல்லை. தெரிந்ததும் சைக்கிளில் தபால் ஆபீஸுக்கு ஓடினேன். பை கட்டிப் போய்விட்டது என்றார்கள். ரயில்வே ஸ்டேஷனுக்கு ஓடினேன். தபால் பைகள் ஏற்றிய வண்டி கண்ணெதிரே கிளம்பியது. சைக்கிளை ஸ்டாண்ட் போட மறந்து பிளாட்பாரத்தில் உருட்டிக்கொண்டே கொஞ்ச தூரம் வண்டியோடு ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று இன்றுவரை தெரியாது. ஓடுகிற ரயிலிலா சார் கையெழுத்துப் போடுவார். திரும்பி வந்து சொன்னேன். சார் ஒரு பருப்பை வாயில் போட்டு, "கையெழுத்து இல்லாத நோட்டீஸ் கல்யாணப் பத்திரிகை மாதிரிதான். இஷ்டம் இருந்தா வருவாங்க" என்றார். "வேற ஒண்ணு அடி."

அதிலிருந்து எங்கள் ஆபீஸ் நோட்டீஸில் தப்பு வராமல் பார்த்துக்கொள்வது என் வேலையாகவும் பெருமையாகவும் ஆனது. பெருமையை ஆபீசிலேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம். வீட்டுக்கும் கொண்டுவந்தேன்.

நாங்கள் பதினோரு வருடம் குடியிருந்த வீடு நகராட்சி எல்லை முடிகிற போர்டுக்கு நூறடி தள்ளி, ஊராட்சியில் இருந்தது. வாடகைக்கென்று இருந்த தனிச் சட்டம் அந்தப் போர்டோடு நின்றுவிடும். எங்கள் பக்கத்துக்கு அந்தப் பதினைந்து நாள்தான் மொத்தப் பாதுகாப்பு. வீட்டுக்காரர் கோதண்டம் அண்ணன் பக்கத்து வீட்டிலேயே இருந்தார். சொந்தமாக நிலம், அதில் மல்லாட்டையும் கேப்பையும். மாலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார். நான் ஆபீஸ் கதையெல்லாம் அளப்பேன். "எங்க சார் நோட்டீஸ்ல எறும்பு பூர்ற ஓட்டை கூட இருக்காதுங்கண்ணே. வாங்கினான்னா எப்பேர்ப்பட்ட குடித்தனக்காரனும் காலி பண்ணியே ஆவணும்." அவர் ஆர்வமாகக் கேட்பார். ஏன் அவ்வளவு ஆர்வம் என்று நான் யோசிக்கவில்லை.

ஒரு ஐப்பசியில் அவர் சொன்னார். "ஜெயபாலு, பையனுக்குப் பொண்ணு பாத்துக்கினு இருக்கறோம். இந்த வூட்ட இடிச்சிட்டு மேலயும் கீழயுமா கட்டலாம்னு இருக்கறேன். நீ வேற எடம் பாத்துக்கோயேன்."

"பாத்துடலாங்கண்ணே. மொதல்ல பொண்ணு கெடைக்கட்டும்."

கார்த்திகையில் பெண் கிடைத்துவிட்டது என்றார். நிச்சயம் ஆகட்டும் என்றேன். நிச்சயம் முடிந்து லட்டோடு வந்தார். லட்டை வாயில் வைத்துக்கொண்டே சொன்னேன். "அண்ணே, சட்டப்படி பாத்தா வாயால சொன்னா செல்லாதுங்க. எழுத்துல குடுக்கணும். பதினஞ்சு நாள். கையெழுத்தோட." சொல்லிவிட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "அப்படியா" என்று தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

செல்வி, என் மனைவி, உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்த மனுசன் இன்னா கேட்டாரு, நீ இன்னா சொல்ற? உன் வாய்க்கு ஒரு நாளு இருக்குது பாரு" என்றாள்.

அந்த நாள் அடுத்த திங்கட்கிழமை. காலை பத்து மணிக்கு ஆபீஸ் படியில் வெள்ளை வேட்டி ஏறி வந்தது. கோதண்டம் அண்ணன். என்னைப் பார்த்து வழக்கம்போல, "இன்னா ஜெயபாலு, சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டு சார் எதிரில் உட்கார்ந்தார். "சார், ஒரு நோட்டீஸ் விடணும். ஜெயபாலுதான் சொன்னாரு, உங்க நோட்டீஸ்தான் நம்பர் ஒண்ணுன்னு."

"யாருக்கு?" என்றார் சார்.

"ஜெயபாலுக்கு."

மேசை மேல் உரித்துக்கொண்டிருந்த மல்லாட்டை அப்படியே நின்றது. சார் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பொறுக்க முடியாத சிரிப்பு வந்தால்தான் அவர் கண்ணாடியைத் துடைப்பார்.

"ஜெயபாலு, நீ என் ஆளு. இவர் கேஸை நான் எடுக்கணும்னா உன் சம்மதம் வேணும். வேணாம்னா வேற வக்கீலுக்கு எழுதிக் கொடுத்துடறேன்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். மனிதன் என்றால் அதைத்தான் சொல்வான். ஆனால் கோதண்டம் அண்ணன் முன்னால், பதினோரு வருடம் அளந்த பெருமைக்கு முன்னால், என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது. "தாராளமா எடுங்க சார். தொழில் வேற, வூடு வேற."

"அப்ப உக்காரு. அடி."

உட்கார்ந்தேன். சார் சொல்லச் சொல்ல என் பெயரையும் என் அப்பா பெயரையும் என் வீட்டு எண்ணையும் நானே அடித்தேன். பாதியில் சார் கேட்டார். "குடித்தனம் எந்த மாசக் கணக்கு?"

கோதண்டம் அண்ணன் யோசித்தார். "அஞ்சாந்தேதி வாடக குடுப்பாரு. இங்கிலீஷ் மாசம்னு வெச்சிக்கோங்க."

அங்கேதான் என் மண்டைக்குள் விளக்கு எரிந்தது. ஆடியில் யாரும் குடி போகமாட்டார்கள் என்பதால் நாங்கள் ஆவணி ஒன்றாம் தேதிதான் பால் காய்ச்சினோம். அப்படியானால் எங்கள் குடித்தன மாதம் தமிழ் மாதக் கடைசியில் முடியவேண்டும். நோட்டீஸ் இங்கிலீஷ் மாதக் கடைசியில் முடிந்தால், நான் சேர்ந்த புதிதில் கற்ற பாடப்படி, அது செல்லாது. ஓட்டை. எறும்பு என்ன, என் குடும்பமே சாமான்களோடு புகுந்து உட்கார்ந்துகொள்ளலாம்.

"சரிதானய்யா?" என்று சார் என்னைக் கேட்டார்.

நான் கீபோர்டில் தூசி ஊதினேன்.

கவரில் என் விலாசத்தை எழுதினேன். ஒப்புகை அட்டையில் சார் விலாசத்தை எழுதினேன். தபால் ஆபீஸ் வரிசையில் நின்று, எனக்கு வரவேண்டிய கடிதத்தை நானே அனுப்பி, ரசீதைக் கொண்டுவந்து ஆபீஸ் காப்பியில் ஒட்டினேன்.

மறுநாள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது தெருமுனையில் தபால்காரர் சைக்கிள் தெரிந்தது. அதைக் கண்டதும் இத்தனை வருடமாகக் குடித்தனக்காரர்களைப் பார்த்து நான் சிரித்த எல்லா வேலையையும் வரிசையாகச் செய்தேன். உள்ளே ஓடினேன். பீரோ பக்கத்தில் நின்றேன். "நான் இல்லன்னு சொல்லு" என்று செல்விக்குச் சைகை காட்டினேன்.

அவள் வாசலில் நின்று உரக்கச் சொன்னாள். "அவரு இல்லியாம். பீரோகிட்ட நின்னுக்கினு சொல்லச் சொல்றாரு."

தபால்காரர் எட்டிப் பார்த்தார். "அண்ணே, நேத்து நீங்களே ஒட்டிக் குடுத்த கவரு. ஆள் இல்லன்னு எழுதினா உங்க சாரு என்னத்தான கேப்பாரு. வாங்க மறுத்தார்னு எழுதட்டா?"

வாங்க மறுத்தால் வாங்கியதற்குச் சமம் என்று நூறு பேருக்குச் சொன்னவன் நான். வெளியே வந்து கையெழுத்துப் போட்டேன். தபால்காரர் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்.

செல்வி நோட்டீஸைப் படித்தாள். அன்று பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த எங்கள் மகளும் படித்தாள். இருவர் முகமும் மாறிவிட்டது. நான் மட்டும் கால்மேல் கால் போட்டு ஆவணிக் கதையைச் சொன்னேன். "கவலப்படாத. இது கோர்ட்ல நிக்காது. ஓட்டை இருக்குது."

"ஓட்டைய நம்பிக்கினு உக்காந்திருக்காத. வூடு பாரு" என்றாள் செல்வி.

அவள் ஏன் அவ்வளவு பயந்தாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கால்மேல் கால் போட்டேன். அந்த வீடு கிடைப்பதற்கு முன்னால் நாங்கள் பார்த்த வீடுகளை அவளும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து ஒரு நாள் சாரோடு விழுப்புரம் ஜில்லா கோர்ட்டுக்குப் போனேன். எங்கள் கேஸ் வருமுன் வேறொரு வாடகை வழக்கு. குடித்தனக்காரர் பக்கம் ஒரு வக்கீல் எழுந்து, குடித்தன மாதக் கடைசியில் முடியாத நோட்டீஸ் செல்லாது என்று ஆரம்பித்தார். அட, நம்ம ஓட்டை. நான் பெஞ்சில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன்.

நீதிபதி புத்தகத்தைக்கூடத் திறக்கவில்லை. "நீங்க எந்தக் காலத்துப் புத்தகம் வெச்சிருக்கீங்க? அந்தப் பிரிவைத் திருத்தி ரொம்ப வருஷம் ஆச்சே. மாசக் கடைசியில முடியணும்ன்றதே இப்ப கிடையாது. நோட்டீஸ் கிடைச்சதுலருந்து பதினஞ்சு நாள். நாள் குறைச்சுப் போட்டிருந்தாலும், பதினஞ்சு நாள் தாண்டி வழக்குப் போட்டிருந்தா போதும். உக்காருங்க."

அந்த வக்கீல் உட்கார்ந்தார். என் கையிலிருந்த கேஸ் கட்டு கீழே விழுந்தது. கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. சார் எப்போதும் பழக்கத்தில் மாதக் கடைசி வரைக்கும் நாள் கொடுத்துவந்ததால், சட்டம் மாறியது எனக்குத் தெரியவே இல்லை. வருடக்கணக்காக அடைபட்டுக் கிடந்த ஓட்டையில் தலையை விட்டுக்கொண்டு நான் ஊருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திண்டிவனம் வரும்வரை பஸ்ஸில் விரலை மடக்கி நாளை எண்ணினேன். மல்லாட்டை இருந்திருந்தால் அத்தனையையும் தின்றிருப்பேன்.

மறுநாள் காலையே வீடு பார்க்கக் கிளம்பினோம். முதல் வீடு நன்றாக இருந்தது. தண்ணீர் வசதி, காற்று, எல்லாம் காட்டினார்கள். காபி கொடுத்தார்கள். பிறகு அந்த அம்மா கேட்டார்.

"சொந்த ஊரு எது?"

சொன்னேன்.

"அதுல எந்தத் தெரு?"

வீடு கேட்டுப் போகிற எங்கள் மாதிரி ஆட்களுக்கு அந்தக் கேள்வியின் அர்த்தம் தெரியும். கேட்கிறவர்களுக்கும் தெரியும். பதினோரு வருடத்துக்கு முன்னால் பார்த்த வீடுகளிலும் இதே கேள்விதான். நான் என் வழக்கப்படி, "தெருவுலருந்து வர்லீங்க, வூட்லருந்துதான் வர்றோம்" என்று சிரித்தேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. "அவருகிட்ட கேட்டுட்டுச் சொல்லி அனுப்பறோம்" என்றார்.

இரண்டாவது வீட்டில் நேற்றே அட்வான்ஸ் வாங்கிவிட்டார்களாம். வாசலில் 'வீடு வாடகைக்கு' பலகை ஆடிக்கொண்டிருந்தது. முண்டியம்பாக்கத்தில் டாக்டருக்குப் படிக்கிறவர்களுக்கு மட்டும்தான் விடுவோம் என்றார் ஒருவர். நான் படித்து முடித்து வந்தால் விடுவீர்களா என்று கேட்டேன். செல்வி என் சட்டையைப் பிடித்து இழுத்துவந்தாள். விக்கிரவாண்டியில் ஒருவர் தெருவைக் கேட்கவில்லை. குலதெய்வம் எது என்று கேட்டார். அது சுற்றுவழி, அவ்வளவுதான். ஒன்பது நாளில் எட்டு வீடு. எட்டிலும் நான் ஜோக் அடித்தேன். எட்டாவது வீட்டிலிருந்து திரும்பும்போது செல்வி, "இனிமே ஜோக் அடிக்காத, எனக்குத் தாங்கல" என்றாள்.

அன்று பஸ் ஸ்டாண்டில் நின்றபோது எனக்கு ஒன்று தோன்றியது. ஒருவனை வீட்டிலிருந்து வெளியே அனுப்ப, சட்டம் எழுத்து கேட்கிறது, கையெழுத்து கேட்கிறது, தபால் கேட்கிறது, பதினைந்து நாள் கேட்கிறது. வீட்டுக்குள் விடாமல் இருக்க ஒன்றும் கேட்பதில்லை. வாயால் சொன்னால் போதும். சில வீடுகளில் வாயும் தேவைப்படவில்லை. பலகையைத் திருப்பி மாட்டினார்கள்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் கோதண்டம் அண்ணனிடம் வீடு கேட்டுப் போனபோது அவர் ஒரே கேள்விதான் கேட்டார். "மோட்டார் ரிப்பேர் பாக்கத் தெரியுமா?"

மறுநாள் காலை, வேறு யாரும் வருமுன் ஆபீஸுக்குப் போய் சார் முன்னால் நின்றேன். "சார், ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"எது?"

"குடித்தன மாசம் ஆவணிலருந்து. எனக்குத் தெரியும். ஓட்டை இருக்கட்டும்னு சொல்லாம விட்டுட்டேன்."

சார் ஒரு மல்லாட்டையை உடைத்தார். "ஆவணி ஒண்ணாந்தேதி உன் வீட்ல பால் குடிச்சவன்யா நான். சக்கரை கம்மி."

நான் மேசையில் கிடந்த மல்லாட்டைத் தோலைக் கூட்டி அள்ளினேன்.

"அந்த ஓட்டை அடைபட்டதும் தெரியும். நீ வாயத் திறப்பியான்னு பாத்தேன். தூசி ஊதின." பருப்பை வாயில் போட்டார். "சரி. நோட்டீஸ் வந்துதுன்னு ஒருத்தன் அழுதுகிட்டு வந்தா, நீ முதல்ல என்ன சொல்லுவ?"

"பதில் நோட்டீஸ் குடுங்கன்னு சொல்லுவேன்."

"நீ குடுத்தியா?"

இல்லை. ஊருக்கெல்லாம் சொன்னவன் எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

"நான் எழுதித் தர முடியாது. நான் எதிர்க்கட்சி வக்கீல். என் கம்ப்யூட்டரையும் தொடாதே. வெளியே போய் எழுது."

கோர்ட் எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வெள்ளைத்தாளில் எழுதினேன். பழக்கதோஷத்தில் முதல் வரி தானாக வந்தது: 'தங்கள் அறிவிப்பில் கண்ட சங்கதிகள் யாவும் பொய்யும் கற்பனையும் ஆகும்.' படித்துப் பார்த்தேன். அதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. நானே அடித்தது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு எடுத்தேன்.

நோட்டீஸில் கண்டவை உண்மை என்று எழுதினேன். மூன்று முறை வாயால் கேட்டார், நான் விளையாட்டாகப் பேசிவிட்டேன், தவறு என்னுடையது என்று எழுதினேன். எட்டு வீடு பார்த்தேன், எட்டிலும் எந்தத் தெரு என்று ஏதாவது ஒரு விதத்தில் கேட்டார்கள், தங்கள் கட்சிக்காரர் பதினோரு வருடத்தில் ஒருமுறையும் அதைக் கேட்டதில்லை என்று எழுதினேன். மகளுக்குப் பரீட்சை இருக்கிறது. வீடு கிடைத்ததும் காலி செய்கிறேன், கிடைக்கத்தான் நாள் ஆகும் போலிருக்கிறது என்று முடித்தேன். ஜோக் எதுவும் இல்லை. கையெழுத்து மறக்காமல் போட்டேன்.

அசல் சாருக்கு, நகல் கோதண்டம் அண்ணனுக்கு. இரண்டும் ஒப்புகை அட்டையோடு. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பதிவுத் தபால் அனுப்புகிறானே என்று கவுன்டரில் சிரித்தார்கள். அதைவிட மறுநாள்தான் கூத்து. சாருக்கு வரும் தபாலை வாங்கிக் கையெழுத்துப் போடுவது குமாஸ்தா வேலை. என் கடிதத்தை நானே வாங்கி, 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தி, சார் மேசையில் வைத்தேன். சார் முழுதும் படித்தார். இந்த முறை கண்ணாடியைத் துடைக்கவில்லை. மடித்துக் கோப்பில் வைத்தார்.

நாலாம் நாள் கோதண்டம் அண்ணனுக்குப் போன ஒப்புகை அட்டை எனக்குத் திரும்பி வந்தது. எத்தனை ஆயிரம் அட்டைகளைப் பார்த்திருப்பேனோ தெரியாது. எல்லாவற்றிலும் ஒரு கையெழுத்து இருக்கும், ஒரு தேதி இருக்கும். இந்த அட்டையில் கையெழுத்தைச் சுற்றி, இடம் கிடைத்த பக்கமெல்லாம், நீல மையில் பொடிப்பொடியாக எழுதியிருந்தது. 'சித்திரை வரைக்கும் இரு. பாப்பா பரிச்சை முடியட்டும். வூடு நானும் கூட வந்து பாக்கறேன். இனிமே தபால்ல அனுப்பாத, பக்கத்து வூடுதான்.'

அட்டையைக் கொண்டுபோய்ச் சாரிடம் காட்டினேன். படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "என் கட்சிக்காரர் எனக்குச் சொல்லாம என் நோட்டீஸைக் கொன்னுட்டாருய்யா. சித்திரை வரைக்கும் இருன்னு எழுத்துல குடுத்தா, விட்ட நோட்டீஸை விட்டுக்கொடுத்த மாதிரி. நூத்திப் பதிமூணாம் பிரிவு, படிச்சிருக்கியா?"

"இல்ல சார்."

"எப்படிப் படிப்ப. உனக்குப் பழைய புத்தகம்தான் பிடிக்கும்" என்று மல்லாட்டைத் தட்டை என் பக்கம் தள்ளினார். இருபத்தொன்பது வருடத்தில் அந்தத் தட்டு என் பக்கம் வந்தது அந்த ஒரு நாள்தான்.

பங்குனிக் கடைசியில் ஞாயிற்றுக்கிழமை கோதண்டம் அண்ணன் தன் டி.வி.எஸ்.ஸில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மயிலம் ரோட்டுப் பக்கம் போனார். அவருக்குத் தெரிந்தவர் வீடு. பின்பக்கப் போர்ஷன் காலி. டீ வந்தது. எல்லாம் பேசினோம். பிறகு அந்த வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"சொந்த ஊரு..." என்று ஆரம்பித்து, ஊரைக் கேட்டு, "அதுல எந்தத் தெரு?" என்றார்.

நாக்கு நுனியில் ஒரு ஜோக் வந்து நின்றது. செல்வி சொன்னது நினைவுக்கு வந்தது. விழுங்கினேன். ஊரின் கிழக்கே, வாய்க்கால் தாண்டி இருக்கிற எங்கள் காலனியின் பெயரைச் சொன்னேன். முழுசாக, தெளிவாக. வாழ்க்கையில் முதல் தடவையாக வீடு கேட்கப் போன இடத்தில் அதைச் சொல்கிறேன். சொல்லிவிட்டு டீயைப் பார்த்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, கோதண்டம் அண்ணனைப் பார்த்தார். கோதண்டம் அண்ணன் டீயை ஒரு வாய் உறிஞ்சினார்.

"பதினோரு வருசம் என் வூட்ல இருந்தாரு. மோட்டார் ரிப்பேர்னா ஆளத் தேட வேணாம், அவரே பாத்துக்குவாரு" என்றார். "அட்வான்ஸ் இன்னான்னு ஜல்தி சொல்லு. வெயிலு ஏறுது."

அந்த வீட்டுக்காரர் தன் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். எனக்குப் பதினைந்து நாள் மாதிரி இருந்தது. பிறகு உள்ளே திரும்பி, "பின்பக்கச் சாவிய எடுத்தா" என்றார்.

சித்திரையில் சாமான்களை ஏற்றிய அன்று, பழைய வீட்டுச் சாவியைக் கோதண்டம் அண்ணன் கையில் கொடுத்து, "காலி பண்ணிட்டோங்கண்ணே" என்றேன். அவர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாயால சொன்னா செல்லாதுன்னியே ஜெயபாலு. எழுத்துல குடு."

வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, பீரோவைக் கீழே இறக்கச் சொல்லி, அதன் மேல் தாளை வைத்து எழுதிக் கொடுத்தேன். அவர் படித்து, கையெழுத்தைச் சரிபார்த்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகுதான் சிரித்தார். விடாமல் சிரித்தார். லட்டு கொடுத்த நாளிலிருந்து அடக்கிவைத்த சிரிப்பை மொத்தமாகச் சிரித்தார்.

அந்தப் பெண் வக்கீலுக்கு நான் டீக்கடையில் சொன்ன பதில் இதுதான்: எழுத்தில் கொடுங்கள், கையெழுத்தோடு, அத்தாட்சி வருகிற வழியில் அனுப்புங்கள். ஊரும் காலமும் பார்த்து எந்தச் சட்டம் என்று புதுப் புத்தகத்தில் பாருங்கள். என்னைக் கேட்காதீர்கள்.

நாங்கள் இன்னும் மயிலம் ரோட்டு வீட்டில்தான் இருக்கிறோம். மோட்டார் மூன்று முறை ரிப்பேர் ஆகி மூன்று முறையும் நான்தான் பார்த்தேன். போன வாரம் வீட்டுக்காரர் வாசலில் நின்று, மேலே ஒரு மாடி எடுக்கலாமா என்று யோசனையாக மொட்டைமாடியைப் பார்த்தார். "கொஞ்ச நாள் நீங்க வேற எடம் பாக்க வேண்டியிருக்கும் போல" என்றார்.

"எப்பன்னு சொல்லுங்க" என்றேன். "வாயால சொன்னாலே போதுங்க."